பிறர் வாய்ச் சான்று

காணி ஒன்றை வாங்க எண்ணுபவர் முதலில் என்ன செய்வார்? உறுதியை வாங்கிப் பார்ப்பார். அதனை நொத்தாரிசிடம் கொடுத்துக் காணிப் பதிவகத்தில் தேடச் சொல்வார். இவை முடிந்த பின்னரும் அவர் மனம் அமைதி கொள்வதில்லை. ஒரு மாலைப் பொழுதில் அந்தக் காணிக்கு அயலிலுள்ள பெட்டிக்கடைக்குச் சென்று ஒரு தேநீர் அருந்தியபடியே, மழை பெய்தால் அங்கே வெள்ளம் நிற்குமா, வேலித் தகராறு ஏதும் உண்டா என்று மெல்ல விசாரிப்பார். திருமணப் பேச்சிலும் இதுவே நம்மவர் வழக்கம். தரகர் பெயர் குறித்துச் சொன்ன இருவரை மட்டும் கேட்டுவிட்டு எவரும் பெண் கொடுப்பதில்லை. தரகர் சொல்லாத மூன்றாமவர் ஒருவரைத் தேடிக் கேட்பதே விசாரணை எனப்பட்டது. செட்டியார் தெருவிலும் கொட்டாஞ்சேனையிலும் கடனுக்குச் சரக்குக் கொடுத்த வணிகரும் இந்த வழியையே பின்பற்றினர்.

இன்று விசாரணையின் இடம் மாறிவிட்டது. பெட்டிக்கடைக்குப் போகவேண்டிய கால்கள் ஓய்ந்திருக்க, கைத்தொலைபேசியின்மேல் விரல் நகர்கின்றது. முன்பின் அறியாத நூறு பேர் எழுதிய கருத்துரைகளும், அவற்றின் தலைப்பில் நாலரை நட்சத்திரமும் கண்முன் வந்து நிற்கின்றன. ஒரு தேநீர்க் கோப்பை வாங்குவதற்கு இந்த நூறு பேரின் சொல் போதும். ஆயுட்காலச் சேமிப்பில் ஒரு பகுதியைக் கொடுத்து, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிடும்போதும் அது போதுமா என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். இதற்கு உதாரணமாக விடுமுறை விடுதி அங்கத்துவத்தை எடுத்துக்கொள்வோம். இதனை ‘டைம்ஷெயர்’ என்ற பெயரால் பலரும் அறிவர்.

இந்த முறையின் முன்னோடிகளுள் ஒன்று 1963 இல் சுவிற்சர்லாந்தில் தோன்றிய ஹப்பிமாக் என்னும் நிறுவனம். இந்தியாவில் 1986 இல் ஸ்டெர்லிங் நிறுவனமும், 1996 இல் மகிந்திரா நிறுவனத்தின் விடுமுறைப் பிரிவும் இத்துறையில் இறங்கின. கொடைக்கானல், உதகமண்டலம் போன்ற குளிர்ந்த மலைவாசத் தலங்களில் ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை நடுத்தர வகுப்பார் பலர் விலைக்கு வாங்கினர். அதன் அமைப்பு எளிது. தொடக்கத்தில் ஒரு பெருந்தொகை செலுத்தவேண்டும். அதற்கு ஈடாக ஆண்டுதோறும் சில நாட்கள் விடுதியில் தங்கலாம். அங்கத்துவம் பத்தாண்டு, இருபத்தைந்தாண்டு என நீளும். தொடக்கத் தொகையோடு கணக்குத் தீர்ந்துவிடுவதில்லை. போனாலும் போகாவிட்டாலும் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் ஒன்று உண்டு.

வெள்ளவத்தையில் காலி வீதியை அடுத்த அடுக்குமாடி ஒன்றில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிக் கொள்வோம். தந்தை ஓய்வு பெற்று, ஊழியர் சேமலாப நிதிப் பணத்தைக் கையில் வைத்திருக்கின்றார். மகன் ரொறன்ரோவில், மகள் இலண்டனில். அவர்கள் பேரப்பிள்ளைகளுடன் விடுமுறைக்கு வரும்போது எல்லோரும் ஒன்றுகூட ஓரிடம் வேண்டும் என்பது தாயின் ஆசை. ஒரு நாள் தொலைபேசி அழைப்பொன்று வருகின்றது. ‘உங்கள் பெயர் தெரிவாகியிருக்கின்றது, இராப்போசனத்துக்கு வாருங்கள்’ என்கின்றது ஓர் இனிய குரல். போனால் இரண்டு மணிநேரப் பேச்சு. முடிவில், ‘இந்த விலை இன்றிரவு மட்டுமே’ என்ற சொல். உலகின் பல நகரங்களில் இந்த அங்கத்துவம் விற்கப்படும் முறை இதுதான். தந்தை நிதானமானவர். ‘நாளை சொல்கின்றேன்’ என்று எழுந்து வந்து, இணையத்தில் கருத்துரைகளைப் படிக்கத் தொடங்குகின்றார். எழுந்து வந்தது நன்று. இனி அவர் எப்படிப் படிக்கவேண்டும்?

நம் முன்னோரின் அளவை நூல்கள், அறிவு வரும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றாக அடக்கின. தானே கண்டறிவது காண்டல். புகையைக் கண்டு நெருப்பை உணர்வது கருதல். நம்பத் தகுந்தவர் சொல்லைக் கொண்டு அறிவது உரை. இணையக் கருத்துரை இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது. யார் உரையையும் அந்நூல்கள் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. சொல்பவனிடம் இரண்டு தகுதிகள் வேண்டும்: அவன் பொருளை உள்ளவாறு அறிந்தவனாக இருத்தல் வேண்டும், அறிந்ததை உள்ளவாறு சொல்பவனாகவும் இருத்தல் வேண்டும். பொய்க் கருத்துரைகளைப் பற்றி நாம் பேசும்போது இரண்டாவது தகுதியையே பெரும்பாலும் எண்ணுகின்றோம். விடுமுறை அங்கத்துவம் போன்ற நெடுங்கால உடன்படிக்கைகளில் முதலாவது தகுதியே முதன்மையானது. மெய்யே பேசும் ஒருவர், தாம் அறியமுடியாத ஒன்றுக்குச் சான்று சொல்லிவிடலாம் அல்லவா?

விரித்துச் சொல்கின்றேன். ஒரு சாப்பாட்டுக் கடையைப் பற்றி எழுதுபவர், உண்டு முடித்துக் கைகழுவிய பின்னர் எழுதுகின்றார். அவர் அனுபவம் முழுமை பெற்றுவிட்டது. அங்கத்துவம் வாங்கியவரின் நிலை வேறு. அவர் எழுதும் நாள் எது என்று பாருங்கள். கையொப்பமிட்ட அன்றே எழுதினாரானால், விற்பனையாளரின் மரியாதைக்கும் இராப்போசனத்தின் சுவைக்கும் மட்டுமே அவர் சான்று. முதல் விடுமுறைக்குப் பின் எழுதினாரானால், அறையின் தூய்மைக்கும் நீச்சற்குளத்தின் அழகுக்கும் சான்று. பாடசாலை விடுமுறைக் காலத்தில் இடம் கேட்டால் கிடைக்குமா? பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு ஏறும்? நோய் வந்தாலோ, வெளிநாடு சென்றாலோ அங்கத்துவத்தைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? இந்தக் கேள்விகளுக்கு ஐந்தாறு ஆண்டுகள் கட்டணம் கட்டியவரே விடை தரவல்லவர்.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். ஆண்டுக் கட்டணம் 60,000 ரூபா என்றும், அது ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் உயரும் என்றும் கொள்வோம். பத்தாண்டுகளின் பின் அது ஏறத்தாழ 155,000 ரூபாவாகும். இருபது ஆண்டுகளின் பின் 403,000 ரூபாவைத் தாண்டும். முதலாம் ஆண்டில் ஐந்து நட்சத்திரம் வழங்கிய நேர்மையாளர் எவரும் இதனைச் சொல்லியிருக்க முடியாது. கட்டணம் டொலரில் விதிக்கப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் கடுமையாகும். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவரை சென்றதை நாம் அறிவோம். ஒரே கட்டணம், இரண்டு மாதத்துக்குள் முக்கால் மடங்குக்கும் மேலாக உயர்ந்துவிடும். ஆகவே, 2021 இல் மகிழ்ந்து எழுதியவரின் உரையை இன்று படிப்பவர், அதன்கீழுள்ள திகதியை முதலில் படிக்கவேண்டும்.

மெய்ச் சான்றே மக்களைத் தவறான வழியிற் செலுத்தியதற்குக் கொழும்பிலேயே எடுத்துக்காட்டு உண்டு. செலிங்கோ குழுமத்தைச் சேர்ந்த கோல்டன் கீ கிரெடிட் கார்ட் கம்பனி 2008 டிசெம்பரில் நிலைகுலைந்தது. வைப்புப் பெறுவதற்கான உரிமம் இன்றியே அது மக்களிடம் பெற்றிருந்த பணம் ஏறத்தாழ 2,600 கோடி ரூபா. அதில் பணம் இட்டவர்களை அதற்கு முந்திய ஆண்டு கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? வட்டி ஒழுங்காக வருகின்றது என்றே சொல்லியிருப்பார்கள். அது பொய்யன்று. வட்டி வந்தது. அந்தக் கம்பனிக்கு உரிமம் உண்டா, வட்டி எங்கிருந்து வருகின்றது என்பவற்றுக்கு மட்டும் அவர்கள் சான்றாக முடியாதிருந்தனர்.

விடுதி அங்கத்துவத்துக்கே நேரான சம்பவம் இந்தியாவில் நிகழ்ந்தது. பான்கார்ட் கிளப்ஸ் என்ற நிறுவனம், விடுதியில் தங்கும் இரவுகளை முன்கூட்டியே விற்றது. தங்காதவர்களுக்கு முதிர்வில் கூடுதலான தொகை கிடைக்கும் என்றது. ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் பணம் கொடுத்தனர். இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி, இது அனுமதியின்றி நடத்தப்பட்ட முதலீட்டுத் திட்டமே என முடிவு செய்து, 7,035 கோடி இந்திய ரூபாயைத் திருப்பிக் கொடுக்குமாறு 2016 பெப்ரவரியில் ஆணையிட்டது. நல்ல அறை, நல்ல உணவு என்று அந்த விடுதிகளைப் பற்றி ஒருவர் மெய்யாகவே எழுதியிருந்தாலும், அந்த மெய் பணம் கொடுத்தவர்களைக் காத்திருக்காது.

இனி, இரண்டாவது தகுதிக்கு வருவோம். அறிந்ததை உள்ளவாறு சொல்கின்றாரா? இதற்கு விடை காண, சொல்பவருக்கு அச்சொல்லால் என்ன பயன் என்று கேட்கவேண்டும்.

புகழ்ந்து எழுதுவோரிடம் பயன் இருப்பதை எவரும் ஊகிப்பர். புதிய அங்கத்தவர் ஒருவரைச் சேர்த்துக் கொடுத்தால் பழைய அங்கத்தவருக்குச் சலுகை என்ற ஏற்பாடு சில திட்டங்களில் உண்டு. அத்தகைய இடத்தில் பழைய அங்கத்தவரின் புகழுரை, தரகரின் உரைக்குச் சமம். இகழ்ந்து எழுதுவோரிடமும் பயன் இருக்கலாம் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. அங்கத்துவத்திலிருந்து உங்களை விடுவித்துத் தருகின்றோம் என்று கூறி முன்பணம் வாங்கும் நிறுவனங்கள் மேனாடுகளில் பெருகியுள்ளன. அங்கத்தவர்களின் அச்சம் வளர வளர அவர்களின் வியாபாரமும் வளரும். ‘நானும் ஏமாந்தேன், இன்னார் என்னைக் காப்பாற்றினார்’ என்று முடிகின்ற குறையுரையைக் கண்டால், அந்த ‘இன்னார்’ யார் என்பதே முதற் கேள்வியாக இருத்தல் வேண்டும்.

இது வெறும் சந்தேகமன்று என்பதை ஆராய்ச்சியும் காட்டுகின்றது. அமெரிக்க அறிஞர் மூவர் 2014 இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே ஹோட்டல்களுக்கு இரண்டு தளங்களில் வந்த கருத்துரைகளை ஒப்பிட்டது. ஒன்று, யாரும் எழுதக்கூடிய டிரிப்அட்வைசர். மற்றையது, அறையைப் பதிவு செய்து தங்கியவர் மட்டுமே எழுதக்கூடிய எக்ஸ்பீடியா. அயலில் தனியார் நடத்தும் சிறு ஹோட்டல் ஒன்று போட்டிக்கு இருந்த இடங்களில், யாரும் எழுதக்கூடிய தளத்தில் இகழ்ச்சியுரைகள் கூடுதலாக இருந்தன. எழுதுவதற்கு விலை இல்லாத இடத்தில் பொய்க்கும் விலை இல்லை என்பது இதன் பொருள்.

2017 இல் இலண்டனில் ஓர் எழுத்தாளர் இதனை நகைப்புக்கிடமாகவே மெய்ப்பித்துக் காட்டினார். தம் வீட்டுத் தோட்டத்திலிருந்த மரக்கொட்டில் ஒன்றை உணவகம் எனப் பதிவு செய்து, நண்பர்களைக் கொண்டு புகழுரை எழுதச் செய்தார். அங்கே ஒருவரும் உணவருந்தியதில்லை. ஆயினும் சில மாதங்களில் இலண்டன் மாநகரின் உணவகங்களுள் அந்தக் கொட்டில் முதலிடத்தைப் பிடித்தது.

அரசுகளும் இதனைக் கவனிக்கத் தொடங்கியுள்ளன. இந்தியா 2022 நவம்பரில் இணையக் கருத்துரைகளுக்கென ஒரு தரநிலையை வெளியிட்டது. அமெரிக்காவில் போலிக் கருத்துரைகளைத் தடைசெய்யும் விதி 2024 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியாவில் அத்தகைய தடை 2025 ஏப்பிரலில் வந்தது. சட்டம் குற்றவாளியைத் தண்டிக்கும். கையொப்பமிடும் வேளையில் நம் அருகில் நின்று கையைப் பிடிக்க அதனால் இயலாது.

அவ்வாறாயின் கருத்துரைகளைப் படிக்காமலே விட்டுவிடுவதா? அதுவும் அறிவுடைமையாகாது. எல்லோரையும் நம்புபவரும் எவரையும் நம்பாதவரும் ஒரே தவற்றையே செய்கின்றனர், இருவரும் ஆராய்வதில்லை. பிள்ளைகளுடன் ஆண்டு தவறாமல் சென்று, தாம் கொடுத்த பணத்துக்குப் பயன் பெற்ற குடும்பங்களும் உண்டு. அவர்களின் மகிழ்ச்சி பொய்யன்று. ஆகவே, படிக்கும் முறையைச் சொல்கின்றேன்.

ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் சற்றே ஒதுக்கிவைத்து, மூன்று நட்சத்திரம் தந்தவர்களை முதலில் படியுங்கள். நிறையும் குறையும் சேர்த்துச் சொல்பவரிடம் பொதுவாக விவரம் இருக்கும். ‘மிகச் சிறந்தது’, ‘அற்புதம்’ என்பன சான்றாகா. ‘ஆறாம் ஆண்டில் ஓகஸ்ட் மாதத்துக்கு நான்கு மாதம் முன்பே கேட்டும் இடம் கிடைக்கவில்லை’ என்பது சான்று. ஒரே கிழமையில் இருபது புகழுரைகள் வந்து, அதன் பின் பல மாதம் மௌனமாயின், அந்தக் கிழமையில் யாரோ வேலை செய்திருக்கின்றார் என்று கருதலாம். எழுதியவரின் பெயரை அழுத்தி அவர் வேறு என்ன எழுதியிருக்கின்றார் என்று பாருங்கள். வாழ்நாளில் ஒரே ஒரு கருத்துரை மட்டும் எழுதியவரின் சொல்லுக்குக் குறைந்த நிறையே கொடுக்கலாம். குறைகளுக்கு நிறுவனம் அளித்த மறுமொழியையும் படியுங்கள். கேட்ட கேள்விக்கு விடை தந்திருக்கின்றதா, அல்லது ‘வருந்துகின்றோம், அழையுங்கள்’ என்று எல்லோருக்கும் ஒரே வாக்கியத்தை ஒட்டியிருக்கின்றதா?

எல்லாவற்றுக்கும் மேலாக, எது எழுதப்படவில்லை என்று தேடுங்கள். நூறு கருத்துரைகளில் ஒன்றுகூட அங்கத்துவத்தை விற்றதைப் பற்றியோ, திருப்பிக் கொடுத்துப் பணம் பெற்றதைப் பற்றியோ பேசவில்லையானால், அந்த மௌனமும் ஒரு செய்தி. பிறகு பழைய பெட்டிக்கடை விசாரணைக்கு மீளுங்கள். ஐந்தாண்டு கட்டணம் கட்டிய இருவரைத் தேடிப் பிடித்து நேரிலோ தொலைபேசியிலோ கேளுங்கள். அந்த இருவரின் பெயரையும் விற்பனையாளரிடமிருந்து பெறாதீர்கள்.

இத்தனைக்கும் பின்னரும் சில கேள்விகளுக்குக் கருத்துரை விடை தராது. ஆவணம் ஒன்றே தரும். நிறுவனம் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் பதிவாகியுள்ளதா? விடுதி இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு பெற்றதா? விடுதி நிறுவனத்துக்கே சொந்தமா, குத்தகையா? குத்தகையானால் அது உங்கள் அங்கத்துவக் காலத்துக்கு முன்பே முடிந்துவிடுமா? கட்டண உயர்வுக்கு எல்லை எழுதப்பட்டுள்ளதா? ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இத்தகைய ஒப்பந்தம் செய்தவர், 14 நாட்களுக்குள் காரணம் கூறாமலே விலகிக்கொள்ளலாம். அந்நாட்களில் அவரிடம் பணம் பெறுவதும் தடைசெய்யப்பட்டுள்ளது. 2008 ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கட்டளை இதனை வகுத்தது. உங்கள் கையில் தரப்படும் ஒப்பந்தத்தில் அப்படியொரு வாசகம் இருக்கின்றதா என்று பாருங்கள். இல்லையேல் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுப்பாரானால், அந்த மறுப்பு நூறு கருத்துரைகளினும் தெளிவானது. பணம் கொடுத்த பின் குறை கண்டவர்கள், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் மூன்று மாதத்துக்குள் முறையிடுதல் வேண்டும். 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அதனைத் தொடர்புகொள்ளலாம்.

நேயர்களே, இதுவரை பிறர் சான்றை நாம் மதிப்பிடும் வகையைச் சொன்னேன். நாமும் சான்று சொல்பவர்கள் என்பதை மறத்தலாகாது. கோவில் வாசலில் ஒருவர், ‘தம்பி, நீங்கள் சேர்ந்தீர்களே, அது எப்படி?’ என்று கேட்கின்றார். பெரும்பணம் கொடுத்துவிட்ட நமக்கு, ‘அவசரப்பட்டுவிட்டோமோ’ என்ற ஐயம் உள்ளே இருக்கும். அதனை வெளியே சொல்ல மானம் இடந்தராது. ‘நல்லதுதான்’ என்று சொல்லிவிடுகின்றோம். அந்த ஒரு சொல்லை நம்பி அவர் தம் ஓய்வூதியப் பணத்தை எடுத்துச் செல்கின்றார். இணையத்தில் எழுதப்படும் பொய்களுள் எத்தனை இவ்வாறு கூச்சத்திலிருந்து பிறந்தனவோ!

அவ்வேளையில் நாம் சொல்லக்கூடிய நேர்மையான விடை ஒன்று உண்டு. ‘நான் சேர்ந்து எட்டு மாதம் ஆகின்றது. ஒரு முறை போனோம். அறை நன்றாக இருந்தது. பாடசாலை விடுமுறையில் இன்னும் கேட்டுப் பார்க்கவில்லை. விலகும் வழி எனக்குத் தெரியாது.’ இவ்வளவே. அறிந்ததற்கும் அறியாததற்கும் இடையே எல்லை வகுத்துப் பேசும் அந்த ஐந்து வாக்கியங்களுக்கு எந்த நட்சத்திரமும் ஈடாகாது. பிறர் எழுதுவதில் அந்த எல்லையைத் தேடிப் படிப்போமாக. நாம் எழுதும்போதும் பேசும்போதும் அதனைக் குறித்துக் காட்டுவோமாக.